நீலகண்டனுக்கு மூணரை நட்சத்திரமா கண்ணு?

என்ன சாமி, ராத்திரி பூராத் தூங்கலையாமா? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. பரீட்சையும் இல்லையாம். கொடிசியா புத்தகத் திருவிழாவுல வாங்கிட்டு வந்த ‘மெலூஹாவின் அமரர்கள்’ படிச்சயாமா. நல்லதுதான். கதை படிச்சுத் தூக்கம் கெட்டவன் எவனும் குடி கெட்டுப் போனதில்லை. விடிஞ்சதும் ஒரு சோலி பண்ணுனயே, அதுதான் எனக்குச் சிரிப்பு. புத்தகத்தை மேசை மேல வெச்சு, பக்கத்துல ஒரு காப்பி, ஒரு ரோசாப்பூ, ஒரு மெழுகுவத்தி, அதை ஒரு போட்டோ எடுத்து நெட்டுல போட்டே. கரண்டு இருக்கறப்ப மெழுகுவத்தி எதுக்குடா? அதுக்குக் கீழ அஞ்சுக்கு மூணரை நட்சத்திரம். அந்த அரையை எந்தத் தராசுல நிறுத்தே? கறிக்கடைக்காரன் கூட இத்தனை நுணுக்கமா நிறுக்க மாட்டான்.

‘உனக்கென்ன தெரியும் கெழவா’ன்னு வாய்க்குள்ள முணங்காதே. நானும் படிச்சேன். பவித்ரா ஸ்ரீனிவாசன் தமிழுக்குக் கொண்டாந்தது. கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுக் கடைசிப் பக்கம் வரைக்கும் போனேன். நீ கூட்டத்துல பேசறதுக்குன்னு அவசரமாப் படிச்சே. எனக்குப் பேச ஒரு கூட்டமும் இல்லை, அதனால நிதானமாப் படிச்சேன்.

எழுதுன அமீஷ் திரிபாதி பேங்குல உத்தியோகம் பாத்தவரு, கல்கத்தா ஐ.ஐ.எம்.மில படிச்சவரு. இருபதுக்கு மேல பதிப்பகக்காரங்க இந்தக் கதை ஓடாதுன்னு தள்ளியுட்டாங்களாமா. மனுசன் மொத அத்தியாயத்தை மட்டும் தனியா அச்சடிச்சுக் கடை கடையாச் சும்மா குடுத்தாரு. 2010ல மொத பாகம், 2011ல ரெண்டாவது, 2013ல மூணாவது. லட்சக்கணக்குல வித்துச்சு. வேண்டாம்னு சொன்னவங்களும் படிச்சவங்கதானே? அவங்க சொன்னதும் அபிப்பிராயந்தானே? சொல்லிட்டு ஊட்டுக்குப் போயிட்டாங்க. கதை அது பாட்டுக்கு நடந்துச்சு.

கதை என்ன? கி.மு. 1900. மானசரோவர் பக்கம் குணாங்கற கூட்டத்துக்குத் தலைவன் சிவன். சாமி கெடையாது, கஞ்சாப் புடிக்கற வாலிபன். சண்டை தாங்காமத் தன்ற சனத்தைக் கூட்டிக்கிட்டு மெலூஹா தேசத்துக்கு வாரான். சோமரசம் குடிக்கறான். கழுத்து நீலமாப் போவுது. நம்மளைக் காப்பாத்த நீலகண்டன் வந்துட்டான்னு ஊரே கால்ல உழுவுது. அந்த நாட்டு ராசா தட்சன். அவருக்கு வயசு 184. நெனச்சுப் பாரு கண்ணு, 184 வயசு மாமனாரு! சொத்து எப்பக் கைக்கு வரும்? அவரு மக சதி மேல நம்ம பையனுக்கு ஒரு கண்ணு. அங்கதான் கதை சூடு புடிக்குது.

நெட்டுல அவங்கவங்க எழுதுன அபிப்பிராயத்துக்கு வருவோம். ஒரு கூட்டம், ‘சாமியை மனுசனாக்கிட்டான், அபச்சாரம்’னு குதிக்குது. இன்னொரு கூட்டம், ‘சாமியை மனுசனாக்கிட்டான், ஆகா என்ன புதுமை’ன்னு குதிக்குது. ரெண்டு பேரும் போத்தனூர்ல பஸ் ஏறி பேரூர் வரைக்கும் போய்ட்டு வந்தா என்ன? ஆனி மாசம் நாத்து நடவுத் திருவிழான்னு ஒண்ணு நடக்குதே, எதுக்குன்னு கேட்டிருக்கயா? சுந்தரர் வாராரு, அந்தக் கோயில் சிவன் பட்டீசுவரருகிட்டப் பொன்னு கேப்பாரு. பட்டீசுவரரு என்ன பண்ணுனாரு? அம்மனைக் கூட்டிக்கிட்டு வயல்ல எறங்கி, கூலியாள் மாதிரி சேத்துல நின்னு நாத்து நட்டாரு. எங்கே போனேன்னு சொல்லாதேன்னு நந்திகிட்டச் சொல்லியுட்டுத்தான் போனாரு. நந்தி காட்டிக் குடுத்துருச்சு. வந்த கோவத்துல மம்முட்டியால ஒரு போடு போட்டாராமா. கடன்காரனுக்குப் பயந்து ஒளியற சாமி, சேறு பூசுன சாமி, கோவம் வந்தா மம்முட்டி தூக்கற சாமி, இதையெல்லாம் கேட்டு நம்ம பாட்டிமாரு மார்ல கை வெச்சுட்டு ஒண்ணும் மயங்கி உழுவலை. சிரிச்சுக்கிட்டே கும்புட்டாங்க. மெலூஹாவுலயும் ஒரு நந்தி வாரான், படைத் தலைவனா. அவன் வாய் எத்தனையோ தேவலை.

இன்னொருத்தரு சொல்றாரு, ‘நாலாயிரம் வருசத்துக்கு முந்தி இப்படியா பேசுவாங்க, இங்கிலீசு சினிமாக்காரனாட்டத் திட்டறானே’ன்னு. அவருக்கு ஒரு நல்ல சேதி இருக்குது. கதையில மெலூஹான்னா சிந்துவெளிதான், அந்தச் சிந்துவெளி எழுத்தை இன்னும் ஒருத்தரும் படிச்சு முடிக்கலை. அதைப் படிச்சுச் சொல்றவங்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசுன்னு 2025 சனவரியில முதலமைச்சர் ஸ்டாலின் அறிவிச்சாரு. மெலூஹாக்காரன் எப்படிப் பேசுனான்னு இந்தக் குறை சொல்றவருக்குத் தெரிஞ்சிருந்தா, இங்க எதுக்கு உக்காந்து வெட்டி நாயம் பேசறாரு? போய்ப் பணத்தை வாங்கிக்கட்டும்.

ஆனா அந்தக் குறையில பாதி நெசம். ராசா, வைத்தியச்சி, தளபதி, வாலிபன், அல்லாரும் ஒரே தொண்டையில பேசறாங்க. பேரை மறைச்சுட்டா யாரு பேச்சுன்னு தெரியாது. நம்ம அண்ணமாரு கதையை, அதுதான் பொன்னரு சங்கரு கதையை, உடுக்கை அடிச்சுப் பாடறவங்களைக் கேட்டிருக்கயா? ஒத்தை ஆளு பாடுவாரு. அவங்க தங்கச்சி தங்காளு பேசறப்ப ஒரு குரலு, கொம்பன்னு காட்டுப் பன்னி வாரப்ப ஒரு குரலு. கண்ணை மூடிக் கேட்டாலே ஆரு வந்து நிக்கறாங்கன்னு தெரியும். அமீஷ் அந்த ஒரு வித்தையை வந்து கத்துட்டுப் போயிருக்கலாம்.

காதல் நாயத்துக்கு வாரேன். ‘மெதுவாப் போவுது’ன்னு எழுதியிருக்கே. வேற எப்படிடா போகும்? சதி ஒரு விகர்மா. புருசன் செத்துப் போயிட்டான், பெத்த கொழந்தையும் தங்கலை, போன பொறப்புப் பாவம்னு ஊரு ஒதுக்கி வெச்சிருக்குது. அவளைத் தொட்டாத் தீட்டு. தொட்டவன் பரிகாரம் பண்ணோணும். அந்தப் பொண்ணு எட்டி எட்டித்தான் நிக்கும். புத்தகத்துல இருக்கறதுலயே கெட்டியான சரக்கு அதுதான். நீ அந்தப் பக்கத்துல அழுதயாமா, உங்கம்மா சொன்னா. நெம்ப நல்ல மனசு. நம்ம பக்கத்து டீக்கடையில ஒரு சாதிக்குக் கண்ணாடி டம்ளரும் இன்னொரு சாதிக்கு வேற டம்ளரும் வெச்சிருந்த கதை உனக்குத் தெரியுமா? அதுக்கு ஆராச்சும் அழுதாங்களான்னு உங்க தாத்தனைக் கேளு. மெலூஹாவுல தீட்டுன்னா கண்ணு கலங்குது, சொந்த ஊர்ல தீட்டுன்னா ‘அதெல்லாம் எதுக்கு இப்ப’ங்கறே.

இன்னொண்ணையும் பாரு. சட்டம் எப்ப மாறுது? நீலகண்டன் ராசா மகளைக் கட்டோணும்னு நெனச்சதும் மாறுது. அதுக்கு முந்தி எத்தனை விகர்மாப் பொம்பளைங்க மூலையில உக்காந்து கெழவியாயிருப்பாங்க? அத்தனை அபிப்பிராயத்துல இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கலையே. அட்டைப்படம் நல்லாருக்குதுன்னு மட்டும் பத்துப் பேரு சொல்லிருக்கீங்க.

கடைசியா உன்ற பெரிய வெசனம், ‘முடிவே இல்லை’. அயோத்தியில கோயிலுக்கு வெளிய சதி தனியா நிக்கறா, மரத்துக்குப் பின்னால நாகன்ங்கற எதிரி, சிவன் கத்திய உருவிக்கிட்டு ஓடறான், அதோட நின்னுபோச்சு. அடேய், அட்டையிலயே மூணு பாகம்னு சொல்லித்தானே விக்கறான்? மொத பந்தியில பாயசம் வரலைன்னு எலையை மூடிட்டு எந்திரிச்சா ஆரு தப்பு? கல்கி 1950ல இருந்து 1954 வரைக்கும் ‘பொன்னியின் செல்வன்’ எழுதுனாரு, வாராவாரம். போத்தனூருக்கு 1862லயே ரயிலு வந்துருச்சு, ஆனா பத்திரிகைக் கட்டு வாரதுக்குள்ள எங்களுக்கு உசுரு போயிரும். அஞ்சு பாகம் முடிச்சும் சனம் உட்டுச்சா? அந்தப் பொண்ணு என்ன ஆனா, இந்தப் பையன் என்ன ஆனான்னு கேட்டு நச்சரிச்சு, கல்கி முடிவுரைன்னு தனியா ஒண்ணு எழுதிப் பதில் சொன்னாரு. முடிச்சாலும் குறை, முடிக்காட்டியும் குறை.

அண்ணமாரு கதையும் மூணு தலைமுறைக் கதைதான். தாத்தன், அப்பன், பொன்னரு சங்கரு. ஒரு ராத்திரியில முடியாது. விடியற நேரம் பாத்து, கொம்பன் பாயற எடத்துல உடுக்கையை நிறுத்துனா அடுத்த ராத்திரி சனம் வராமப் போயிருமா? ஆனா பாடறவரு அந்த ராத்திரிக்குன்னு ஒரு கலியாணமோ சாவோ முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பாரு. அமீஷும் கலியாணத்தை முடிச்சு, ஒரு சண்டையையும் முடிச்சுட்டாரு. எதிரின்னு நெனச்ச சந்திரவம்சிகளும் கெட்டவங்க இல்லை, அவங்களும் இதே நீலகண்டனுக்குத்தான் காத்துக் கெடந்தாங்கன்னு தெரியற எடம் இருக்குதே, அது மொத பாகத்துக்குப் போதுமான முடிவு. அதுக்கப்பறம் நாகனை ஓட உட்டது ஏவாரம். ஏவாரம் தெரிஞ்ச மனுசன், பேங்குல இருந்தவரு, பண்ணுவாரு.

என்ற தீர்ப்பைக் கேக்கறயா? கதை ஓடுது. பேச்சு சப்புன்னு இருக்குது. சதி நிக்கறா, தட்சனை நம்பப்படாது. இத்தனைதான், இதுக்கு நட்சத்திரம் எதுக்கு? மூணையும் படிச்சு முடிச்சுட்டு, எழுதப் படிக்கத் தெரியாத உன்ற பாட்டிக்கு உக்காந்து கதையைச் சொல்லு. அவ எந்த எடத்துல ‘அப்பறம்?’னு கேக்கறா, எந்த எடத்துல வெத்தலையைத் தேடறான்னு பாத்துட்டு அப்பறமா அபிப்பிராயம் எழுது.

அது கெடக்கட்டும். ரெண்டாம் பாகம் உன்றகிட்ட இருக்குதாமா? பொழுதோட கொண்டாந்து குடுத்துட்டுப் போ.