வாத்தியார் ஒருவர், மீடியம் இரண்டு

கரும்பலகையின் நடுவே சாக்பீஸில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ் மீடியம். அந்தப் பக்கம் இங்கிலீஷ் மீடியம். வகுப்பறை ஒன்று. வாத்தியாரும் ஒருவர். இடப்பக்கப் பாயில் அண்ணன், வலப்பக்கப் பாயில் தங்கை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் பாகம் பிரிந்து உட்கார்ந்ததற்குக் காரணம் எளியது. அண்ணன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது இங்கிலீஷ் மீடியம் பலகை மாட்டியிருக்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பார்த்தது இது. வாசலில் பேனர் தொங்குகிறது: "இங்கு ஆங்கில வழியில் கற்பிக்கப்படும்." கொட்டை எழுத்தில். தமிழில்.

வாத்தியார் அறிவியல் புத்தகத்திலிருந்து ஒரு வரி ஆங்கிலத்தில் வாசித்தார். "அப்படின்னா என்னன்னா..." என்று ஐந்து நிமிடம் தமிழில் சொன்னார். பிறகு கேள்வியையும் பதிலையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் எழுதிப்போட்டார். தங்கை நிமிர்ந்து ஓர் எழுத்தைப் பார்த்தாள், குனிந்து எழுதினாள். மறுபடி நிமிர்ந்தாள், அடுத்த எழுத்து. எழுதினாள் என்பது மரியாதைக்கு. வரைந்தாள்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"மனப்பாடம் பண்ணிட்டேன் சார்" என்றாள்.

வாத்தியாரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வரை அவர் படித்ததெல்லாம் தமிழ் வழியில். "ஆர்டர் வந்துச்சு சார், பலகை மாட்டினோம்" என்றார். அவ்வளவுதான் கதை. தமிழ்நாட்டின் கல்விப் புரட்சி ஓர் ஆணியிலும் ஒரு தகரப் பலகையிலும் முடிந்துபோனது.

அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் 2012-13-ல் தொடங்கின. பிள்ளைகள் தனியார் பள்ளிக்கு ஓடுகிறார்கள், அவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றார்கள். நியாயமான கவலைதான். அதற்கு வைத்தியம்? ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கலாம். செலவாகும். பிள்ளைகள் கேட்டுப் பழக, பேசிப் பழக வகுப்புகள் வைக்கலாம். வேலை வைக்கும். மீடியத்தை மாற்றலாம். பைசா செலவில்லை. மாற்றினார்கள்.

ஆங்கிலம் கற்பது வேறு, ஆங்கிலத்தில் கற்பது வேறு. பள்ளிக்கல்வி அதிகாரிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் சும்மா இருந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிட்டு, கிணற்றுக்கு 'நீச்சல் வழிக் கிணறு' என்று பெயர் வைத்தால் யாராவது சும்மா விடுவார்களா? நாம் விட்டோம். போதாக்குறைக்கு, சீட்டு கிடைக்குமா என்று சிபாரிசும் தேடினோம்.

தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. அது பழைய கதை என்றால் மலேசியாவைப் பாருங்கள். 2003-ல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளும் தப்பவில்லை. 2009-ல் அரசாங்கமே அதைக் கைவிடப் போவதாக அறிவித்தது. அவர்கள் இறக்கி வைத்த மூட்டையை மூன்றே வருடத்தில் நாம் தலையில் ஏற்றிக்கொண்டோம்.

இதற்கும் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்ட மெக்காலேயைத் திட்டலாமா? வசதியாகத்தான் இருக்கும். மனுஷர் 1859-லேயே செத்துப்போனார். 2012-க்கு அவரைச் சாட்சிக்குக்கூட இழுக்க முடியாது.

பயிற்சி கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுக்காமல் என்ன? மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்கு. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு. அவர்கள் ஒன்றியத்துக்கு. கடைசியில் வட்டார வள மையத்தில் எங்கள் வாத்தியாருக்கு. முதல் பந்திக்குப் பாயசம், கடைப் பந்திக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர். பதினோரு மணிக்கு டீ தவறாமல் வந்துவிடும், அதைக் குறை சொல்லக்கூடாது. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியை எப்படி நடத்த வேண்டும் என்று மாலைவரை தமிழில் விளக்குவார்கள். வருகைப் பதிவில் கையெழுத்து. குழுப் புகைப்படம். முடிந்தது.

1968-ல் இந்த மாநிலம் இருமொழிக் கொள்கை என்று அறிவித்தது. தமிழும் ஆங்கிலமும் போதும் என்றோம். சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இரண்டில் ஒன்றாக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்த மாநிலம், அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலத்துக்கென்று ஒரு தனி ஆசிரியர் பணியிடத்தை உருவாக்கவில்லை. அதே இடைநிலை ஆசிரியர்தான் தமிழ், கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம். மேடையில் ஆங்கிலம் நமக்கு உலகத்தின் சாளரம். பள்ளிக்கூடத்தில் அந்தச் சாளரத்துக்குக் கொக்கிகூட இல்லை.

பத்து வருடம் படித்த பிறகு தேர்வு வருகிறது. கடிதம் எழுதச் சொல்வார்கள். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் பெயருக்கு எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஊருக்கு ஒய் ஒய் ஒய். கடிதத்தின் உள்ளே இருப்பது கைடில் இருந்த அதே கடிதம். அதே ஊர்ச் சுற்றுலா, அதே அன்புள்ள நண்பன். வழி சொல்லும் கேள்விக்கு 'நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு' என்று பையன் ஆங்கிலத்தில் எழுதி மதிப்பெண் வாங்குகிறான். அவன் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு வடநாட்டுக்காரர் வழி கேட்டால் கையைத்தான் நீட்டுகிறான். கடிதத்தில் சொந்தப் பெயரைக்கூட எழுத வாய்க்காத மொழியில் வேறெதைச் சொல்வான்?

தனியார் பள்ளி மட்டும் யோக்கியமா? ஜூன் வெயிலில் கழுத்தில் டை, காலில் ஷூ. தமிழில் பேசினால் அபராதம். அபராதத்துக்கு ரசீது கிடையாது. வீட்டில் அம்மா, "ஆப்பிளை ஈட் பண்ணு செல்லம்" என்கிறாள். செல்லமும் ஈட் பண்ணுகிறது. அந்தத் தாயைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. தனக்குக் கிடைக்காத ஒன்றைக் கடன் வாங்கியாவது பிள்ளைக்கு வாங்கித் தருகிறாள். டப்பாவில் சரக்கு இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

எல்.கே.ஜி. முதல் பி.இ. வரை ஆங்கில வழியில் படித்தவன் கடைசியில் கனடாவுக்கு விண்ணப்பிக்கிறான். உனக்கு ஆங்கிலம் தெரியுமா, நிரூபி என்கிறார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்கு 17,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு உங்கள் ஆங்கிலம் காலாவதி. 2021-ல் பிரிட்டிஷ் கவுன்சில் இந்தியாவில் தான் நடத்திவந்த இந்தத் தேர்வு வியாபாரத்தை ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி. நிறுவனத்துக்கு விற்றது. விலை 13 கோடி பவுண்டு. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகும்போது ஆங்கிலத்தை நமக்கு இலவசமாக விட்டுப் போனான் என்று யார் சொன்னது?

வரும் ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்களா? வாசல் பலகையையும் பேனரையும் பார்க்காதீர்கள். நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய், "இங்கிலீஷ் எடுக்கிற டீச்சர் யாரு சார்?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் ஊரில் கேட்டேன். பக்கத்து வகுப்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தவரைக் காட்டினார்கள். கணக்கும் அவர்தான் எடுக்கிறார். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவு ஏற்றுவதும் அவர்தான். அன்றைக்குச் சத்துணவு முட்டையை எண்ணி வாங்கியதும் அவர்தான்.