லேபிள் மாமா

பிளானோவில் எந்தத் தமிழர் வீட்டுப் பாட்லக்குக்குப் போனாலும் மூன்று காட்சிகள் நிச்சயம். வாசலில் செருப்புக் குவியல். மேஜையில் நாலு வீட்டுத் தயிர்சாதம். சமையலறைப் பேன்ட்ரிக்குள் பாதி உடம்பை நுழைத்தபடி லேபிள் மாமா.

மற்ற ஆண்பிள்ளைகள் ஹாலில் உட்கார்ந்து, காலின் கவுன்ட்டி வீட்டு வரியையும் கௌபாய்ஸ் தோற்றதையும் அலசிக்கொண்டிருப்பார்கள். மாமாவுக்கு அதில் நாட்டமில்லை. ஒரு மசாலா பாக்கெட்டை எடுப்பார், திருப்புவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் பின்பக்கத்தைப் படிப்பார். "முன்பக்கம் கல்யாணப் பத்திரிகை, பின்பக்கம்தான் ஜாதகம்" என்பார். சொந்த வீட்டில் இதற்கு மாமியின் அனுமதி இல்லாததால் ஆராய்ச்சி முழுவதும் அடுத்தவர் வீட்டில்தான் நடக்கும்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. பாஸ்போர்ட் ஆபீசைத் தவிர யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

ஒய்2கே புண்ணியத்தில் விமானம் ஏறி வந்தவர். பக்கத்து ரிச்சர்ட்சனின் டெலிகாம் காரிடாரில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடித்தே வீட்டுக் கடனை அடைத்தார். இப்போது ரிடையர் ஆகிவிட்டார், ஆனால் கண் ரிடையர் ஆகவில்லை. அந்தக் கண் ஒருநாள் ரசத்தின் மேல் விழுந்தது.

"அம்மா வச்ச ரசத்துல இருந்த வாசனை இதுல இல்லையே" என்றார்.

மாமி கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா ரசத்துக்கு அம்மா திட்டும் ஒரு சேர்மானம்னா. வேணும்னா அதை நான் போடறேன்."

மாமா டெஸ்டர் அல்லவா, சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழித்தார். முதல் குற்றவாளி குழாயில் வரும் லவான் ஏரித் தண்ணீர். அடுத்தது ரோமா தக்காளி, அதற்கடுத்தது துவரம்பருப்பு. மூன்றும் விடுதலை. கடைசியாகக் கூண்டில் நின்றது பெருங்காயம்.

சாட்சி, கும்பகோணத்து வீட்டுப் பரணிலிருந்து வந்த ஒரு தகர டப்பா. அம்மா அதில் கட்டிப் பெருங்காயம் வைத்திருந்தாள். கட்டி தீர்ந்து நாற்பது வருஷம் ஆகியும் வாசனை தீரவில்லை. மேலே கம்பெனிப் பெயர் பாதி தெரிகிறது. உள்ளே என்னென்ன சேர்த்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் மட்டும் துரு. உலகத்தில் அவ்வளவு இடம் இருக்க, துரு அங்கேயா பிடிக்க வேண்டும் என்று மாமா இன்றைக்கும் வருந்துகிறார்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு இந்தியன் ஸ்டோருக்குப் போனார். கல்லாவில் நின்ற பையனிடம், "தம்பி, இதே பழைய சரக்கு கிடைக்குமா?" என்று கேட்டார்.

"எங்ககிட்டே பழைய சரக்கே கிடையாது அங்கிள், எல்லாம் எக்ஸ்பயரி பார்த்துதான் வைப்போம்" என்றான் பையன், கொஞ்சம் பயந்துபோய்.

அமெரிக்க லேபிள் சட்டம் மாமாவுக்கு மனப்பாடம். எடை அதிகமான பொருள் முதலில் வர வேண்டும், பிறகு இறங்குவரிசை. அதே சட்டம் மிளகு, சீரகம், மல்லி என்று தனித்தனியாக எழுதாமல் 'ஸ்பைசஸ்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளவும் வழிவிட்டிருக்கிறது. சாம்பார்ப் பொடிப் பாக்கெட்டில் அந்தச் சொல்லைப் பார்த்த அன்று மாமா சாப்பிடவில்லை. "மளிகைக் கடையில போய் 'சாமான்' குடுங்கோன்னு கேட்டா என்னத்தைக் குடுப்பான்?"

பெருங்காய டப்பாவில் அப்படித் தப்பிக்க முடியாது. அலர்ஜி சட்டம் 2006-லிருந்து அமலில் இருக்கிறது, கோதுமை இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். மாமா படித்தார்: கோதுமை மாவு, அரபிப் பிசின், பெருங்காயம். கலப்படத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பில் மாமியைக் கூப்பிட்டார்.

அது கலப்படம் இல்லை, அதுதான் முறை என்று பிறகு தெரியவந்தது. சுத்தப் பெருங்காயம் ஃபெருலா என்ற செடியின் வேரைக் கீறி வடியவிட்டுக் காயவைத்த பால். கடுகளவு கூடினாலும் அண்டா சாம்பார் பாழ். அந்த வீரியத்தை அடக்கத்தான் மாவும் பிசினும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயம் செய்கிறார்கள். பம்பாய் லால்ஜி கோதூ கம்பெனி 1894-லிருந்து இந்த வியாபாரத்தில் இருக்கிறது. எல்.ஜி. என்றால் கொரியா டிவி என்று நினைக்கும் தலைமுறைக்கு மாமா இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார். இந்திய விதிப்படி கூட்டுப் பெருங்காயத்தில் ஆல்கஹாலில் கரைந்து வரும் சத்து 100-க்கு 5 இருந்தால் போதும்.

"அஞ்சு மார்க்குக்குப் பாஸா? எங்க காலத்துல முப்பத்தஞ்சு எடுக்கணும்!"

மேலும் தோண்டத் தோண்ட மாமாவின் முகம் வாடியது. கும்பகோணத்து வாசனை என்று அவர் உயிரை விட்ட சமாசாரம் கும்பகோணத்தில் விளைவதில்லை. இந்தியாவிலேயே விளையவில்லை. வருஷத்துக்குச் சுமார் 1,200 டன் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்து இறங்குகிறது. இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில், க்வாரிங் என்ற கிராமத்தில், 2020 அக்டோபரில்தான் பாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தார் முதல் நாற்றை ஊன்றினார்கள். பிசினோ பெரும்பாலும் சூடானிலிருந்து வருவது. 1997-ல் அமெரிக்கா சூடானுக்கு வணிகத் தடை போட்டபோதுகூட, குளிர்பானக் கம்பெனிகளுக்கு அது இல்லாமல் ஆகாது என்பதால் இந்தப் பிசினுக்கு விலக்குக் கிடைத்தது.

"ஆக, உங்கம்மா ரசத்துல ஆப்கானிஸ்தானும் சூடானும் இருந்திருக்கு, நான் மட்டும்தான் இல்லை" என்றாள் மாமி.

மாமா அசரவில்லை. கூட்டு வேண்டாம், மூலத்துக்கே போவது என்று தீர்மானித்தார். துபாயிலிருந்து வந்த மச்சினர் ஏழு பிளாஸ்டிக் பையும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் சுற்றி, ஒரு சுண்டைக்காய் அளவு சுத்தப் பெருங்காயம் கொண்டுவந்தார். அப்படியும் சூட்கேஸிலிருந்த சட்டைகளை அவர் யாருக்கும் தானம்கூடச் செய்ய முடியவில்லை. மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமா பாதியை நெய்யில் போட்டுப் பொரித்தார்.

கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. இயற்கை எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. 1937-ல் டெக்சாஸ் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில் கசிந்தது தெரியாமல் வெடித்து முந்நூறு பேர் அளவில் மாண்டபிறகுதான், கந்தகம் கலந்த நாற்றத்தைச் சேர்க்க இந்த மாநிலம் சட்டம் போட்டது. பெருங்காயத்தின் நெடியும் கந்தகம் சேர்ந்ததுதான். டெக்சாஸ்காரர் மூக்கு நியாயமாகத்தான் பயந்தது.

வந்த ஊழியர் கருவியை வைத்து மூலைமூலையாகப் பார்த்தார். கசிவு இல்லை. மாமா மிச்சத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

முகர்ந்தவர் இரண்டடி பின்னால் போய், "இதைச் சாப்பிடுவீர்களா?" என்றார்.

"வெறுமனே சாப்பிட மாட்டோம், ரசத்தில்" என்று மாமா விளக்கினார்.

அன்றைய ரசத்தில் அம்மா வாசனை இல்லை. ரசத்தின் வாசனையே இல்லை. மாமி வீட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று மாமா நினைத்தார்.

அப்பாவின் துக்கம் பொறுக்காமல் மகள் ஒரு சேதி சொன்னாள். பழைய ரோமாபுரிக்காரர்களுக்கு உயிராக இருந்தது இன்றைய லிபியாவில், சைரீன் பக்கம் விளைந்த சில்ஃபியம் என்ற செடியின் பிசின். பறித்துப் பறித்தே தீர்த்துவிட்டார்கள். தன் காலத்தில் ஒரே ஒரு தண்டு கிடைத்து அது நீரோ மன்னனுக்குப் போனதாக முதல் நூற்றாண்டில் பிளினி எழுதியிருக்கிறார். அதற்குப் பதிலாகக் கிழக்கிலிருந்து வாங்கிக்கொண்ட இரண்டாந்தரச் சரக்குதான் பெருங்காயம். அபீசியஸ் பெயரில் வழங்கும் அவர்களுடைய சமையல் நூலில், இந்த விலையுயர்ந்த பிசினைப் பைன் கொட்டைகளோடு ஒரு ஜாடியில் போட்டுவைத்து, வாசனை ஏறிய கொட்டையை நசுக்கிச் சமையலில் சேர்க்கும்படி யோசனை சொல்லியிருக்கிறது.

மாமா வெகு நேரம் யோசித்தார். "அப்போ நாம தேடற ஒரிஜினலே டூப்ளிகேட்டா?"

"ஆமாம்பா."

"அந்த ஜாடியில லேபிள் இருந்ததா?"

இந்த மனிதரைக் கண்டால் பாட்லக்கில் பாதிப் பேர் தட்டோடு பின்வாசலுக்கு நழுவுவது வழக்கம். போன மாதம் அது மாறியது. ஒரு வீட்டில் புதிதாக வந்திருந்த அமெரிக்கப் பெண்மணி, தனக்கு சீலியாக் இருக்கிறது, கோதுமை துளி பட்டாலும் உடம்புக்கு ஆகாது என்று கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். ரசத்தின் முறை வந்தது. "வெறும் புளி, தக்காளி, மிளகுதான், தைரியமாகக் குடிக்கலாம்" என்று நாலு பேர் ஒரே குரலில் உத்தரவாதம் கொடுத்தார்கள். டம்ளர் உதடு வரை போய்விட்டது.

"நோ!" என்று பேன்ட்ரிக்குள்ளிருந்து ஒரு அலறல். மாமா பெருங்காய டப்பாவோடு பாய்ந்து வந்து பின்பக்கத்தைக் காட்டினார். முதல் சொல்லே கோதுமை.

அன்றிலிருந்து மாமாவின் மவுசே தனி. பாட்லக் பட்டியலில் பெயருக்கு எதிரே 'மாமா பார்த்தாச்சு' என்று ஒரு கட்டம் வந்துவிட்டது. அரிசி மாவுப் பெருங்காயம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு வாரத்துக்கு நாலு போன். டப்பாவின் துருவைச் சுரண்ட மாமாவுக்கு நேரமே இல்லை. வீட்டில் நிம்மதி என்று மாமி ஊருக்கெல்லாம் சொன்னாள்.

இனி மாமாவும் ஏதாவது கொண்டுவர வேண்டுமே என்று ஒரு பேச்சு எழுந்தது. போன வாரம் கொண்டுவந்தார். லேஸ் சிப்ஸ், பெரிய பாக்கெட். "மூணே மூணு சாமான்: உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு. ஒளிவுமறைவே கிடையாது. அதோட உள்ளூர்ச் சரக்கு, ஃப்ரிட்டோ-லே தலைமை ஆபீஸ் நம்ம லெகசி டிரைவில்தானே இருக்கு" என்று பெருமையோடு மேஜையில் வைத்தார்.

பழக்கதோஷம், கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"சூரியகாந்தி, சோளம், அல்லது கனோலா... அதென்ன 'அல்லது'? போட்டவனுக்கே தெரியாதா?"

மாமி காரின் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "லெகசி டிரைவுக்கு நடந்தே போங்கோ."