எர்த்தில் மண் உண்டா? ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டை முன்வைத்து

பழைய காருக்குப் புது வயரிங் போடுகிறவர்கள் போகிற கரண்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். திரும்பி வருகிற கரண்டைப் பற்றிப் பேச நாதியில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வு எல்லை: ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று, ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகள் பதினொன்று. ஆய்வு நிதி: வீட்டுக்கு வெள்ளையடிக்க எடுத்து வைத்திருந்த பணம்.

முதலில் பெயராராய்ச்சி. கார் நிற்பது நான்கு ரப்பர் டயர்களின் மேல். அதன் மின்சாரத்துக்கும் மண்ணுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிறகு பட்டறையில் எல்லோரும் 'எர்த்' என்கிறார்களே, இது ஆகுபெயரா, இடுகுறியா? 1838-இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர், தந்திக்கு இரண்டாவது கம்பி வேண்டியதில்லை, திரும்புகிற வழியை நிலமே பார்த்துக்கொள்ளும் என்று கண்டார். அங்கே எர்த் என்றால் மெய்யாகவே மண். காருக்கு வந்ததும் மண்ணின் உத்தியோகத்தை சேஸியும் பாடித் தகடும் பார்க்கத் தொடங்கின; செம்புக் கம்பியில் பாதி மிச்சம். பெயர் மட்டும் மாறவில்லை. மூன்று தலைமுறையாகப் பட்டணத்தில் இருப்பவர் பெயருக்கு முன்னால் கிராமத்தின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிற கதைதான். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இதை 'மாஸ்' என்கிறார்கள். தமிழில் அந்தச் சொல்லை சினிமாக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டதால், நாம் எர்த்தோடு நிற்பதே மரியாதை.

எர்த்தை ஏற்றவர்களுக்குள்ளும் இரு கலை உண்டு. பேட்டரியின் பாசிட்டிவை பாடியில் கட்டுவோர் ஒரு சாரார், நெகட்டிவைக் கட்டுவோர் மறுசாரார். 1960கள் வரை பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த். ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டர் ரேடியோவும் வந்து உலகமே கட்சி மாறிய பிறகும், மோரிஸ் மைனர் 1971-இல் விடைபெறும் காலம் வரை கொள்கையை விடவில்லை. பல்புக்கு இந்த வழக்கில் அக்கறை கிடையாது. எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். ரேடியோவுக்கு உண்டு. மாற்றிக் கொடுத்தால் ஒருமுறை புகையும், பிறகு நித்திய மௌனம். கலை மாற விரும்புகிறவர் டைனமோவின் எஃப் முனையை பேட்டரியின் உயிர் முனையோடு ஒரு நொடி தொட்டு, அதற்கும் தீட்சை கொடுத்தாக வேண்டும்.

இனி நிற பேதம். லூகாஸ் வகுத்த முறையில் பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு. சாவி போட்டால் வருவது வெள்ளை. ஃப்யூஸைத் தாண்டினால் பச்சை. ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க் லைட்டுக்குச் சிவப்பு. போகிறவர்களுக்கு இத்தனை பட்டுடை. திரும்புகிறவருக்குக் கறுப்பு, அதுவும் ஒரு சாண் நீளம், ஏதோ ஒரு ஸ்க்ரூவில் போய் முடியும். ஆங்கிலேயர்கள் லூகாஸுக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டம் கட்டிச் சிரிப்பார்கள். அந்தப் பழியில் பெரும்பங்கு இந்த அநாமதேய ஸ்க்ரூவுக்குச் சேர வேண்டியது என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

துணிபுக்குச் சான்று வேண்டுமல்லவா? ஹெரால்டு இத்தாலியர் மிக்கெலாட்டி வரைந்த வண்டி. 1961 முதல் சென்னையில் தயாரானது. அதன் பாடி ஒரே கூடு அல்ல. துண்டு துண்டாக சேஸியின்மேல் போல்ட் போட்டுப் பூட்டியது. பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முதலை வாய்போல் முன்பக்கம் சாயும். ஒவ்வொரு பூட்டும் கரண்டுக்கு ஒரு சுங்கச்சாவடி. இதில் என் பெயிண்டர், மகராசன், ஸ்க்ரூ ஓட்டையின் உள்பக்கம்கூட விடாமல் மூன்று கோட் அடித்திருந்தார். வண்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

இடது இன்டிகேட்டரைப் போட்டேன். பின்னால் குந்தியிருந்த எலக்ட்ரீஷியன் சொன்னார்: "சார், பார்க் லைட் போட்டிருக்கீங்களா?"

"இல்லையே."

"அதுவும் சேர்ந்து கண்ணடிக்குது. பிரேக்கை மிதிங்க."

மிதித்தேன்.

"பிரேக் லைட் வரல. பார்க் லைட்தான் எரியுது. கண்ணடிக்கிறதும் நின்னுபோச்சு."

நடந்தது இதுதான். பின்விளக்குக் கூட்டுக்கு பாடியோடு தொடர்பில்லை, நடுவில் பெயிண்ட். தன் வாசல் அடைத்திருந்ததால் இன்டிகேட்டரின் கரண்டு பக்கத்து வீட்டு அடுப்படி வழியாக, அதாவது பார்க் பல்பின் இழை வழியாக நுழைந்து, அந்தச் சிவப்பு வயரில் பின்னோக்கி நடந்து, மற்ற பார்க் பல்புகளின் வழியே ஊர் சேர்ந்தது. போகிற வழியில் அடுப்பும் எரிந்தது.

தடை: மீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் எர்த் சரியாகக் காட்டுகிறதே? விடை: காட்டும். ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பூஜ்யம் காட்டும். விளக்கை எரியவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பல்பு ஹோல்டரிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் கட்டையிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். என்னுடையது 11 காட்டியது. அரைகுறை எர்த்தும் லேசுப்பட்டதல்ல. 0.1 ஓம் தடை இருக்கட்டும். ஹெட்லைட் இரண்டும் 9 ஆம்பியர் இழுத்தால் 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். இழந்தது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, வெளிச்சத்திலோ ஏறக்குறைய கால்வாசி அம்பேல்.

இன்னொரு சான்று, சொல்லவே கூச்சம். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கில். ஆகவே எஞ்சினையும் சேஸியையும் சேர்க்க, பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. அது எங்கே சேரும் என்று தெரியாமல் நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். பட்டை இல்லையென்றால் அத்தனையும் கிடைத்த கம்பியில் புகுந்து திரும்பப் பார்க்கும். எனக்குக் கிடைத்தது சோக் கேபிள். செல்ஃப் எடுத்ததும் டாஷ்போர்டிலிருந்து ஊதுபத்திபோல் புகை வந்தது.

பரிகாரம் எளிது, பார்க்கத்தான் மனம் வராது. எர்த் விழும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரூபாய் அளவுக்கு உப்புத்தாள் போட்டு, தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார் எலக்ட்ரீஷியன். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வேஸ்லின் தடவினார். இன்டிகேட்டர் தனியாகக் கண்ணடித்தது. பார்க் லைட் தன் வேலையைப் பார்த்தது.

மறுவாரம் பெயிண்டர் மீதிப் பணம் வாங்க வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றியவர், ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் குனிந்து பார்த்தார். "யார் சார் இப்படிச் சுரண்டி வெச்சது?" என்றார், நிஜமான வேதனையோடு. "காசு வேணாம், டச்சப் பண்ணித் தந்துட்டுப் போறேன்" என்று பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்.