வழுக்கும் கௌரவம்

தாத்தா வீட்டில் ரெட் ஆக்சைடு தரை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தே பாட்டி அதில் முகம் பார்த்தாள். பழசாம், உடைத்தோம்.

டைல்ஸ் கடையில் அரை நாள் அலசி, கடைசியில் தெருவே போட்டிருக்கும் அதே ஐவரி நிறம், இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைடு. "பத்து பர்சன்ட் கூடவே வாங்கிடுங்க சார், வேஸ்டேஜ் போகும்" என்றார் மேஸ்திரி. வாக்குத் தவறவில்லை, போனது.

போட்ட மறுவாரம் அம்மாவுக்கு வழுக்கியது. இப்போது வாசலில் மிதியடி, ஹாலில் கார்ப்பெட், சமையலறையில் ரப்பர் பாய். சதுர அடி எண்பது ரூபாய் டைல்ஸ் சோபாவுக்கு அடியில் மட்டும் பளபளக்கிறது. பார்த்து ரசிப்பது பல்லி.

நேற்று இன்டீரியர் டிசைனர் வந்தார். தரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இப்போ டிரெண்டே ரெட் ஆக்சைடுதான் சார்!"