மழைமறைவில் நனைதல்

நோர்வே என்றதும் ஒஸ்லோத் தமிழர் மனத்தில் பனியும் ஈரமுமே எழுந்தாலும், அந்நாட்டின் நடுவிலுள்ள ஷோக், லொம் ஆகிய ஊர்ப்பக்கங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் மழையே பெய்கிறது. ஆறில்லாத யாழ்ப்பாணம் பெறும் மழையில் இது மூன்றிலொரு பங்கைத் தாண்டாது. அத்திலாந்திக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குக்கரை மலைகளிலேயே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு கிழக்கே இறங்குவதால் உண்டாகும் இத்தகைய நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். நம்மவர் துலா மிதித்த காலத்தில், ஷோக் உழவர்கள் மலைநீரை வாய்க்கால் கட்டி வயலுக்கு இறக்கிக்கொண்டிருந்தனர்.

ஒஸ்லோவிலிருந்து ஒட்டாவரை ரயிலில் சென்று அடையத்தக்க ரொண்டானே மலைத்தொடரும் வறண்டதே. 1962இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இங்கே 2178 மீற்றர் உயரமான ரொண்ட்ஸ்லொட்டெ சிகரம் நிற்க, அதன் கீழே மரமின்றி, கல்லும் கல்லின்மேல் வெளிர்மஞ்சள் பாசிபோன்ற கற்பாசியுமாக நிலம் விரிகிறது. மழை குறைந்த மலை என்று எங்கேயோ வாசித்துவிட்ட தமிழ் மலையேறி, மழைச்சட்டையை வீட்டில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் புட்டையும் மாசிச்சம்பலையும் அடுக்குகிறார்; மனம் கேளாமல் குடையொன்றையும் செருகுகிறார். இக்கட்டுரையாளரின் முதுகுப்பையிலும் அந்தக் குடை இருந்ததென்பது இவ்விடத்தில் ஒப்புக்கொள்ளப்படுகிறது.

ஆண்டெல்லாம் கஞ்சத்தனம் பண்ணும் வானம், ஆடி மாதப் பிற்பகல் ஒன்றில் மட்டும் கலியாணவீட்டுக்காரரைப் போலச் செலவழிக்கும். வெயிலில் சூடேறிய பாறைமேல் காற்று விறுவிறுவென்று எழுந்து இடிமுகிலாகத் திரள்வதே காரணமாதலால், அறிந்தவர்கள் விடியற்காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் சிகரத்தைவிட்டு இறங்குவர். தமிழர் குழுவோ தேநீர் குடித்து, படம் எடுத்து, மறந்துபோன மிளகாய்த்தூளுக்காக இருமுறை திரும்பிவந்து, மதியத்தில்தான் ஏறத் தொடங்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்பது கணக்கு. ஒன்று என்று எண்ணி முடிக்குமுன் இடித்தால், மொட்டை மலையில் மிக உயரமான பொருள் தம் கையிலுள்ள குடைதான் என்ற உண்மை புலப்படும்.

இது வெறும் அச்சமன்று. 2016 ஆகஸ்ட்டில் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் நெருங்கி நின்ற 323 கலைமான்கள் மின்னலால் ஒருங்கே மாண்டன. மின்னோட்டம் நிலத்தினூடே பரவும்போது முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஏற்படும் மின்னழுத்த வேறுபாடே நாற்கால் விலங்கை வீழ்த்துகிறது. மனிதர் கால்களைச் சேர்த்துக் குந்தியிருக்க வேண்டுமென்பதும் இதனாலேயே. முழங்கால்வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு மலையேறிய பெரியப்பாமாருக்கு இது எளிதான ஆசனமன்று.

நோர்வேஜியர் வகுத்த ஒன்பது மலைவிதிகளில் எட்டாவது, திரும்பிப் போவதில் வெட்கமில்லை என்கிறது. சிகரப்படத்துக்காகக் குடும்பக் குழுவில் கனடா மாமியும் லண்டன் சித்தப்பாவும் காத்திருக்கையில், இவ்விதி தமிழில் அத்தனை சுலபமாக மொழிபெயர்வதில்லை. மேலும், மலையேறுவோர் விரும்பும் க்விக் லுன்ஷ் சொக்கலேற்றின் உறைக்குள்ளே இவ்விதிகள் அச்சிடப்பட்டிருப்பதால், புட்டை முதலில் தின்று முடித்துச் சொக்கலேற்றைக் கடைசிக்கு வைத்திருப்பவர், தங்குகுடிலின் அடுப்பருகே தொப்பலாக நனைந்த நிலையில்தான் எட்டாவது விதியை வாசிக்கிறார்.