மாடியில் நிற்கும் தங்கள் சொத்து குறித்து

மதிப்பிற்குரிய டிடிஎச் நிறுவனத்தாருக்கு,

தங்கள் பெயரைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் தாங்கள் வக்கீல் நோட்டீஸ் விட வேண்டியிருக்கும். வக்கீலுக்கே ஃபீஸ் பாக்கி என்று கேள்வி.

தாங்கள் வேனில் மைக் கட்டி எங்கள் தெருவுக்கு வந்த நாட்களை மறக்க முடியுமா? 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கே படம் அனுப்புகிறது என்றால் யாருக்குத்தான் தலை நிமிராது! கேபிள்காரர் மாதம் முடிந்தபின் பணத்துக்கு வாசலில் நிற்பார். தாங்களோ முன்கூட்டியே வாங்கிக்கொண்டீர்கள். கடன்காரன் என்ற பழி நீங்கியது.

அவ்வளவு தூரம் அலுங்காமல் வந்த சிக்னல் ஐப்பசி மழைக்குள் நுழைந்ததும் காணாமல் போகும். கேயு பேண்ட் அலைகளை மழைத்துளி உறிஞ்சிவிடும் என்று தங்கள் கால் சென்டர் பெண் பொறுமையாக விளக்கினார். புயல் எங்கே கரை கடக்கிறது என்று பார்க்க உட்காரும்போது திரை அணைந்தால், இங்கேதான் என்று புரிந்துகொள்வோம். படமே காட்டாமல் வானிலை அறிவித்தவர்கள் தாங்கள். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்கள் நின்றதை மட்டும் தங்கள் கணக்கில் எழுத மாட்டேன். விண்வெளியிலும் பவர் கட் உண்டு என்பது அன்றைய தமிழ்நாட்டுக்குப் பெரிய ஆறுதல்.

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. தாங்கள் அசரவில்லை, விலையைத் தொடாமல் பேக்குகளுக்குப் புதுப்பெயர் சூட்டினீர்கள். எனக்கு வேண்டியது ஐந்தே சேனல். அவற்றை ஐந்து பேக்குகளில் பிரித்து வைத்த மூளைக்காரரை ஒருமுறை நேரில் பார்க்க ஆசை. (கூடவே வந்த போஜ்புரிப் பாட்டுச் சேனலை என் மாமியார் மொழி தெரியாமலே ரசித்தார். அதற்கு நன்றி.)

2019 பிப்ரவரியில், விரும்பிய சேனலுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்றது ஒழுங்குமுறை ஆணையமான டிராய். அந்தச் சுதந்திரத்துக்கு நுழைவுக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களின் விலை அதற்கு மேல். தேர்வு செய்ய நான் தடுமாறுவேனென்று தாங்களே தேர்வு செய்து பணத்தையும் பிடித்துக்கொண்டீர்கள்.

பிறகு சரிவு. 2020 கடைசியில் நாட்டில் சுமார் 7 கோடியாக இருந்த டிடிஎச் சந்தாதாரர்கள், 2025 மார்ச்சில் 6 கோடிக்கும் கீழே. பிள்ளைகள் செல்போனுக்குப் போனார்கள். சிக்கனக்காரர்கள் மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குப் போனார்கள். எங்கும் போக முடியாமல் அகப்பட்டவர்கள், தங்களை நம்பி வருஷ பேக் போட்டவர்கள்.

இனி, எழுதவந்த விஷயம். தங்கள் செட்டாப் பாக்ஸ் வேறு கம்பெனிக்குப் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெட்டி வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தது. என் பெட்டிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. அது பழுதானபோது, "உங்க சொத்து சார், செலவு உங்களோடது" என்றார் தங்கள் ஆள். இணைப்பை வெட்டச் சொன்னபோது, "கம்பெனி சொத்து சார், ஒப்படைக்கணும்" என்றார் அவரே. இப்போது கடன் கொடுத்த வங்கிகள் தங்கள் சொத்தைத் தேடுகின்றனவாம். ஒன்று என் டிவிக்குக் கீழே இருக்கிறது. இன்னொன்று மாடியில், நாலு போல்ட்டோடு.

தாராளமாக வந்து கழற்றிக்கொள்ளலாம். கழற்றும் கட்டணம் 250 ரூபாய், ஜிஎஸ்டி தனி, முன்பணமாக. காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் ஏதாவது ஒரு நேரத்தில் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் மேலான வாடிக்கையாளர்