மூக்கு நிமிர்ந்த பலகை

கேள்வி: வயிறு படியக் குப்புறப் படுத்து அலையில் சறுக்க உதவும் 'பெல்லிபோர்டு' என்ற மரப்பலகையின் முனையை மேல்நோக்கி வளைப்பது ஏன்? தட்டையாகவே விட்டால் என்ன?

பதில்: தட்டையான முனை, கரைக்குப் போக வேண்டியவரைக் கடலடிக்கு அனுப்பிவிடும். 1922இல் தென்னாப்பிரிக்காவின் மியூசன்பர்க் கடற்கரையில் இவ்விளையாட்டைப் பழகிய எழுத்தாளர் அகதா கிறிஸ்டி, பலகை மூக்குக் குத்தி மணலில் வீழும்போது வலிக்கும் என்று தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் முதல் உலகப்போருக்குப் பின் பரவிய இப்பலகை, பெரும்பாலும் 4 அடி நீளமும் 1 அடி அகலமும் கொண்ட மெல்லிய ஒட்டுப்பலகையால், அதாவது மரத்தகடுகளை இழை குறுக்காக அமையுமாறு அடுக்கி ஒட்டிய பிளைவுட்டால், செய்யப்படுகிறது. மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் இளகிக் குளிரும்போது இறுகுவதால், நீராவியில் பதப்படுத்திய முனையை அச்சில் இறுக்கி உலரவிட்டால் வளைவு நிலைத்துவிடும். வயிற்றில் அழுந்தும் விளிம்புகளை உருட்டி இழைத்து, நீர் எளிதில் புகும் அந்த ஓரங்களுக்கு வார்னிஷைக் கூடுதலாகப் பூச வேண்டும். நீர் தாங்கும் பசையால் ஒட்டாத பிளைவுட்டை வாங்குவோர், கடலில் அது தகடு தகடாகப் பிரிவதைக் காண்பர். ஆகவே பலகை செய்ய விரும்புவோர் உளியைத் தீட்டுவதற்கு முன் பசையை விசாரிப்பதே நல்லது.